இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியைப் பிள்ளைக்கு வாங்கலாமா?

மார்ச் 4 – வந்த கேள்வி

மகனுக்குப் பதினெட்டு முடிந்து லைசென்ஸும் கைக்கு வந்துவிட்டது. பன்னிரண்டு வருடப் பழைய பெட்ரோல் வண்டி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. மீட்டர் 2,08,000 காட்டுகிறது. ஒரே ஓனர். விலை ஆசை காட்டுகிறது. மச்சான், “ஒரு லட்சத்தைத் தாண்டின வண்டியைத் தொடாதே” என்கிறார். எப்படியும் முதல் வருடம் எங்கேயாவது இடிக்கத்தான் போகிறான், அதற்கு எதற்குப் புது வண்டி என்பது என் கணக்கு. வாங்கலாமா, வேண்டாமா?

மார்ச் 4, இரவு

மச்சான் சொன்னதை ஒரு பக்கம் வையுங்கள். மீட்டரைப் பார்த்துப் பயப்படுவதும் தப்பு, மயங்குவதும் தப்பு. நான் இரண்டையும் செய்தவன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் மகளுக்காக வண்டி தேடினேன். முதலில் பார்த்தது பத்து வருட வண்டி, 62,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்றார்கள். வயதான ஒருவர் வாரத்துக்கு ஒரு தடவை எடுத்துவிட்டு நிறுத்தி வைப்பாராம். எனக்குக் கை பரபரத்தது. அட்வான்ஸ் கொடுக்கப் பையைத் திறந்தும் விட்டேன். மகள் உள்ளே உட்கார்ந்து பார்த்துவிட்டு, “அப்பா, இந்தக் கிளட்ச் மிதி ஏன் இப்படி வழவழன்னு இருக்கு?” என்றாள்.

குனிந்து பார்த்தேன். ரப்பரில் வரிவரியாக இருக்க வேண்டிய மேடு ஒன்றுகூட இல்லை. ஓரத்தில் ரப்பரே தேய்ந்து போய் அடியிலிருந்த இரும்பு பளபளத்தது. அப்புறம்தான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது: டிரைவர் சீட்டில் கதவுப் பக்கத்து ஓரம் அமுங்கிக் கிடந்தது, ஸ்டியரிங்கில் கை பிடிக்கும் இடம் மட்டும் கண்ணாடி மாதிரி மின்னியது. வாரத்துக்கு ஒரு தடவை ஓடிய வண்டியில் இப்படித் தேயாது. கேட்டதற்கு, “பெரியவர் கொஞ்சம் கனமான ஆள்” என்றார் விற்றவர். கால் மட்டும் கனம் போலிருக்கிறது.

மீட்டரை யாரோ குறைத்திருக்கிறார்கள். டிஜிட்டல் மீட்டர் என்றால் தொட முடியாது என்று நினைத்திருந்தேன். உள்ளே எண் சக்கரங்களைத் திருப்பிய பழைய மீட்டரைவிட அது சுலபம் என்று பின்னால்தான் தெரிந்தது.

கடைசியில் வாங்கியது பதினொரு வருட வண்டி, 1,94,000 ஓடியது. அந்த வீட்டுக்காரர் ஒரு தடித்த ஃபைலைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். ஆயில் மாற்றிய ரசீதிலிருந்து வைப்பர் ரப்பர் ரசீது வரை தேதியோடு, கிலோமீட்டரோடு இருந்தது. இன்று அந்த வண்டி 2,26,000-ல் ஓடுகிறது. நான் உண்மையில் அந்த ஃபைலைத்தான் வாங்கினேன், வண்டி கூட வந்தது.

மார்ச் 5

உங்கள் வண்டியின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 2,08,000-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் வருடத்துக்குப் பதினேழாயிரம் சொச்சம். இது பேய் ஓட்டம் இல்லை. தினமும் நெடுஞ்சாலையில் ஒரே சீராகப் போய்வந்த வண்டி என்றால் இன்ஜினுக்கு அது சுகமான வாழ்க்கை. சூடு ஏறுவதற்குள் நிறுத்தி, திரும்பக் குளிரில் ஸ்டார்ட் பண்ணி, இரண்டு கிலோமீட்டர் போய் மறுபடி நிறுத்திய வண்டி 70,000-லேயே அலுத்துப் போயிருக்கும். கிலோமீட்டர் எவ்வளவு என்பதோடு எப்படி ஓடியது என்றும் கேளுங்கள்.

ஒரு லட்சம் என்ற பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பழைய வண்டிகள் நிறையவற்றில் மீட்டருக்கு ஐந்து இலக்கம்தான். 99,999-க்கு அப்புறம் சுற்றிப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். வண்டியின் ஆயுசே முடிந்தது என்று அதுவே அறிவித்த மாதிரி. என் ஊகம்தான், சத்தியம் பண்ணமாட்டேன்.

மச்சானை வாயடைக்க வேண்டுமென்றால் இர்வ் கோர்டன் பெயரைச் சொல்லுங்கள். அமெரிக்கப் பள்ளி ஆசிரியர். 1966-இல் புதிதாக வாங்கிய வோல்வோ பி1800-ஐ ஓட்டிக்கொண்டே இருந்தார். 2013-இல் அது முப்பது லட்சம் மைலைத் தொட்டது. கிலோமீட்டரில் நாற்பத்தெட்டு லட்சம்.

மார்ச் 5, கொஞ்ச நேரம் கழித்து

இதைப் படித்த ஒருவர் சரியாகப் பிடித்தார்: அந்த வோல்வோ இன்ஜினை நடுவில் பிரித்து வேலை பார்த்திருக்கிறார்கள். உண்மைதான், சொல்லியிருக்க வேண்டும். கோர்டன் ஆயில் மாற்றத் தவறாத மனுஷர். உங்கள் மகன் அப்படி இருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை. என் மகளும் இருக்கவில்லை. ஆக அந்த உதாரணத்தை மச்சானோடு நிறுத்திக்கொள்ளுங்கள், உங்கள் முடிவுக்குள் கொண்டுவராதீர்கள்.

மார்ச் 7

டைமிங் பெல்ட் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பதால் நானே திறக்கிறேன், எனக்கு அதில் வடு இருக்கிறது.

இன்ஜினுக்குள் வால்வு எப்போது திறக்க வேண்டும், பிஸ்டன் எப்போது மேலே வர வேண்டும் என்று இரண்டையும் ஒத்துப் போக வைப்பது இந்தப் பெல்ட். ரப்பர்தான். வண்டிக்கு வண்டி மாறும், ஆனால் பொதுவாக ஒரு லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்வார்கள். வருடக் கணக்கும் உண்டு, ஓடாமல் நின்றாலும் ரப்பர் ரப்பர்தானே. அறுந்தால் பல இன்ஜின்களில் திறந்து கிடக்கிற வால்வின் மேல் பிஸ்டன் வந்து மோதும். வால்வு வளையும். சில சமயம் பிஸ்டனே ஓட்டையாகும். பழைய வண்டிக்கு அந்தச் செலவு என்பது கிட்டத்தட்ட வண்டியின் விலை.

இதில் கொடுமை என்னவென்றால் அது முன்கூட்டி ஒன்றும் சொல்லாது. சத்தம் இருக்காது, விளக்கு எரியாது. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும்போது நின்றுவிடும்.

மகளின் வண்டி அவ்வளவு ரசீது வைத்திருந்தவரிடம் வாங்கியது என்று பெருமை அடித்தேன் அல்லவா? பெல்ட் மாற்றிய ரசீது மட்டும் அதில் இல்லை. கேட்டேன். “மாத்தியாச்சு, அந்த பில்தான் எங்கேயோ போச்சு” என்றார். மற்ற ரசீதெல்லாம் இருக்கும்போது இது மட்டும் எங்கே போயிருக்கும் என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். நல்ல மனிதர் பொய் சொல்லமாட்டார் என்று நினைத்து நான்கு மாதம் ஓட்டவிட்டேன். பிறகு ஒரு நாள் தண்ணீர் பம்பு கசிகிறது என்று மெக்கானிக் மூடியைக் கழற்றினார். பெல்ட்டை விரலில் மடித்துக் காட்டினார். மடித்த இடம் முழுக்கப் பொடிப்பொடியாகக் கீறல், வெயிலில் காய்ந்த குளத்துச் சேறு மாதிரி. “சார், இது கம்பெனியில போட்டு வந்ததுதான்” என்றார். பெல்ட்டின் முதுகில் தயாரிப்பு எண் அப்படியே இருந்தது. 1,99,000 கிலோமீட்டர் ஓடிய பெல்ட்டோடு என் பெண் நான்கு மாதம் நெடுஞ்சாலையில் போய் வந்திருக்கிறாள். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அதனால் எழுத்தில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றும் செலவை முதலிலேயே விலையில் கழித்துப் பேசுங்கள். பெல்ட்டோடு தண்ணீர் பம்பையும், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது, கழற்றும் கூலி ஒன்றுதான்.

பெல்ட்டுக்குப் பதில் செயின் போட்ட இன்ஜின் என்றால் இந்தக் கவலையே வேண்டாம்.

மார்ச் 8

மேலே கடைசி வரி தப்பு. ஒரு மெக்கானிக் நண்பர் கூப்பிட்டுத் திட்டினார். செயினுக்கு மாற்றும் தேதி கிடையாது என்பது சரி, கவலையே வேண்டாம் என்பது சரியில்லை. ஆயில் மாற்றாமல் இழுத்தடித்த வண்டியில் செயின் நீளும், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளரும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று விநாடி சங்கிலியைத் தகரத்தில் இழுத்த மாதிரி ஒரு சடசடப்பு கேட்டு அடங்கினால் விலகி வாருங்கள். பெல்ட்டோ செயினோ, ஆயில் ரசீதுதான் ஜாதகம்.

மார்ச் 9

பார்க்கப் போகும் முன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டீர்கள். ஒன்றே ஒன்று: “நான் வரும் வரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள்” என்று போனில் சொல்லிவிடுங்கள். போனதும் பேசிக்கொண்டே பானெட் மேல் கையை வையுங்கள். வெயிலில் நிற்காமலே சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்களோ என்று சந்தேகப்படுங்கள். ஏற்கெனவே சூடேறிய இன்ஜின் நல்ல பிள்ளை மாதிரி நடிக்கும்; குளிர்ந்த இன்ஜினுக்கு நடிக்கத் தெரியாது.

ஸ்டார்ட் ஆகும்போது நீங்கள் பின்னால் நில்லுங்கள், மகனை உள்ளே உட்கார வையுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. வெள்ளைப் புகை குளிர் நாளில் கொஞ்ச நேரம் வரும், அது வெறும் ஈரம். இன்ஜின் சூடான பிறகும் வெள்ளையாகக் குபுகுபுவென்று வந்து, இனிப்பாக ஒரு வாசனை அடித்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் உள்ளே போகிறது. இன்ஜின் தலைக்கு அடியில் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். ஆயில் மூடியைக் கழற்றி அடியில் மோர் நுரை மாதிரி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் அதே நோயாக இருக்கலாம், அல்லது குட்டிக் குட்டித் தூரம் மட்டும் ஓடிய வண்டியில் வியர்த்ததாகவும் இருக்கலாம். அதனால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

மகன் உள்ளே என்ன செய்ய வேண்டும்? சாவியைப் போட்டதும் டாஷ்போர்டில் எல்லா விளக்கும் எரிந்து, இன்ஜின் ஓடிய சில விநாடியில் அணைய வேண்டும். எரியாத விளக்குதான் ஆபத்து. ஏர்பேக் விளக்கு எப்போதும் எரிகிறது என்று பல்பைப் பிடுங்கிவிட்டு விற்பவர்கள் உண்டு. பக்கத்து விளக்கோடு வயரைச் சேர்த்து, இரண்டும் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணையும்படி செய்கிறவர்களும் உண்டு.

இன்னொன்று. வண்டியின் கம்ப்யூட்டரில் சொருகிப் பிழையைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கிற ஆளைக் கூட்டிக்கொண்டு போனால், பிழைக் குறியீடு ஒன்றும் இல்லை என்று அவர் சொல்வதோடு நிற்காதீர்கள். வண்டி தன்னைத் தானே சோதித்து முடித்த பட்டியல் ஒன்று உள்ளே இருக்கும். அது பாதிக்கு மேல் ‘முடியவில்லை’ என்று காட்டினால், யாரோ நேற்றோ இன்றோ குறியீட்டை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். சில நாள் ஓட்டிவிட்டுத் திரும்பக் காட்டச் சொல்லுங்கள்.

மார்ச் 9, மறந்துபோனது

கிளட்ச். மூன்றாவது நாலாவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்க அமுக்கச் சொல்லுங்கள். இன்ஜின் கத்தி, வண்டி கூடவே வேகமெடுக்கவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டம் போடும்போது முன்சக்கரத்தில் கடக் கடக் என்றால் ஆக்ஸில் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. இரண்டுக்கும் வழி இருக்கிறது, விலையில் பேசலாம்.

மார்ச் 12

“பழைய வண்டி இரும்பு, புது வண்டி தகரம். இடிச்சா பழசுதான் தாங்கும்” என்று எழுதியவருக்கு. என் அப்பாவும் இதையே சொன்னார், நானும் நம்பினேன். அமெரிக்காவில் இன்சூரன்ஸ் கம்பெனிகளின் பணத்தில் நடக்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று இருக்கிறது. தன் ஐம்பதாவது வருடத்தில், 2009-இல், அது ஒரு காரியம் செய்தது. 1959 மாடல் செவ்ரோலே பெல் ஏர் ஒன்றையும் 2009 மாலிபு ஒன்றையும் மணிக்கு 64 கிலோமீட்டரில் எதிரெதிரே மோதவிட்டது. பெல் ஏர் பார்க்கப் படகு மாதிரி இருக்கும். மோதியதும் அதன் டிரைவர் இடமே இல்லாமல் போனது. உள்ளே உயிருள்ள ஆள் இருந்தால் பிழைத்திருக்க மாட்டார். மாலிபுவின் முன்பக்கம் கசங்கியது, டிரைவர் பொம்மைக்குக் காலில் சின்ன அடிதான். கசங்க வேண்டியது வண்டி, மனிதன் இல்லை.

இப்போது உங்கள் முதல் வரிக்கு வருகிறேன்: “எப்படியும் இடிக்கத்தான் போகிறான்.” அன்று சிரித்துக்கொண்டே கடந்துவிட்டேன், ஆனால் மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. பம்பர் கீறுவதை மனசில் வைத்துச் சொன்னீர்கள். ஆனால் அமெரிக்கக் கணக்குப்படி, ஓட்டிய ஒவ்வொரு மைலுக்கும் உயிர்ச்சேதமுள்ள விபத்தில் சிக்கும் வாய்ப்பு பதினாறிலிருந்து பத்தொன்பது வயதுக்காரர்களுக்கு மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. முதல் சில மாதங்கள் மிக மோசம். இடிப்பான் என்று நம்புகிறவர் இடித்தால் காப்பாற்றுகிற வண்டியை அல்லவா தேட வேண்டும்?

நான் செய்த தப்பும் இதுதான். இன்ஜினுக்காக மூன்று வாரம் அலைந்தேன், ஏர்பேக் எத்தனை என்று கேட்கவே இல்லை.

கேட்க வேண்டியது முதலில் இஎஸ்சி, அதாவது எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல். வண்டி வழுக்கி, ஸ்டியரிங் திருப்பிய பக்கம் போகாமல் வேறு பக்கம் இழுக்கும்போது, தேவைப்பட்ட சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து நேராக்கும் ஏற்பாடு. 1995-இல் பாஷும் மெர்சிடிஸும் கொண்டுவந்தது, அப்புறம் மெல்ல மெல்லச் சின்ன வண்டிகளுக்கும் இறங்கியது. அமெரிக்காவில் 2012 மாடலிலிருந்தும், ஐரோப்பாவில் 2014 கடைசியிலிருந்து விற்ற புது வண்டிகளிலும் கட்டாயம். வேறு பல இடங்களில் அப்போது விலை உயர்ந்த மாடலுக்கு மட்டும் வைத்திருந்தார்கள். பயந்துபோய் ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிப்பது புது டிரைவரின் முதல் பழக்கம். இஎஸ்சி அதற்காகவே பிறந்த மாதிரி. சாவி போட்டதும் வழுக்கும் கார் படம் ஒன்று டாஷ்போர்டில் மின்னி அணைந்தால் இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது, பாதிப் பேருக்குத் தெரியாதது. தகாத்தா என்ற ஜப்பானியக் கம்பெனி செய்த ஏர்பேக்குகள் பல பிராண்டு வண்டிகளில் போடப்பட்டிருந்தன. பையை ஊத வைக்கும் மருந்து அம்மோனியம் நைட்ரேட். வருடக் கணக்கில் வெப்பமும் ஈரப்பதமும் பட்டால் அது கெட்டுப்போய், விரியும்போது அளவுக்கு மீறி வெடித்து, இரும்புக் கூட்டையே துண்டுதுண்டாக முகத்தில் எறியும். ஆட்கள் செத்திருக்கிறார்கள். கோடிக்கணக்கில் திரும்ப அழைத்து இலவசமாக மாற்றினார்கள், ஆனால் கைமாறிக் கைமாறி வந்த பழைய வண்டிகள் நிறைய அந்த வழிக்கே போகவில்லை. சேசிஸ் நம்பரைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டால் பாக்கி இருக்கிறதா என்று ஒரு நிமிடத்தில் தெரியும். மகளின் வண்டிக்குப் போட்டபோது டிரைவர் பக்கத்து ஏர்பேக் மாற்றாமல் இருந்தது. வாங்கி ஆறு மாதம் கழித்துத்தான் போட்டேன்!

மோதல் சோதனையில் வண்டிக்குத் தரும் நட்சத்திரக் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்து நட்சத்திரம் என்றால் எந்த வருடத்து ஐந்து என்று பாருங்கள். சோதனை சில வருடத்துக்கு ஒரு தடவை கடினமாகிக்கொண்டே வருகிறது. அன்றைய ஐந்து இன்றைய ஐந்து இல்லை.

மார்ச் 13

“அப்படியென்றால் பிள்ளைக்கு லாரியே வாங்கித் தரட்டுமா?” என்று கேட்டவருக்கு: இல்லை, லாரி வாங்கித் தரச் சொல்லவில்லை.

மார்ச் 18

போய்ப் பார்த்துவிட்டு நீங்கள் எழுதியதைப் படித்தேன். பானெட் சில்லென்று இருந்தது, புகை இல்லை, ஆயில் ரசீது எட்டு வருடத்துக்கு இருக்கிறது, இஎஸ்சி இல்லை, முன்னால் இரண்டு ஏர்பேக். “டயர் மட்டும் புத்தம் புதுசு, பட்டன் அப்படியே இருக்கு” என்று சந்தோஷப்பட்டிருக்கிறீர்கள்.

டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும், போய்ப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2317 என்றால் 2017-இன் இருபத்து மூன்றாவது வாரம். தரையைப் பிடிக்கும் அந்தப் பட்டன் தேயாமல் இருப்பது ஓடவில்லை என்பதைத்தான் சொல்லும், வயதைச் சொல்லாது. ஆறு வருடத்தைத் தாண்டினால் வருடா வருடம் காட்டிப் பார்க்க வேண்டும். பத்து வருட டயரை, பட்டன் இருந்தாலும், பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. ரப்பர் இறுகி மழையில் சறுக்கும். கோடோடுகிற இடுக்கை விரல் நகத்தால் விரித்துப் பாருங்கள், மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு தெரியும்.

கூடவே சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுங்கள். கடைசி அரை அடி யாரும் இழுக்காத இடம். அங்கே மண் கறை கோடாக நின்றால் வண்டி வெள்ளத்தில் நின்றது. ஸ்டெப்னியைத் தூக்கி அடியிலும் பாருங்கள்.

மார்ச் 22

இன்று கொஞ்சம் மனசு மாறி எழுதுகிறேன், அதனால் நீளும்.

மேலே படித்தால் நான் பழைய வண்டிக்கு வக்காலத்து வாங்குகிற மாதிரி இருக்கிறது. போன வருடம் நடந்ததை இன்னும் சொல்லவில்லை. ராத்திரி பதினொன்றரைக்கு மகளிடமிருந்து போன். “அப்பா, ஹெட்லைட் மங்கிட்டே வந்துச்சு, ஸ்டியரிங் கனமாச்சு, இப்ப நின்னுடுச்சு.” நெடுஞ்சாலை ஓரம், தெருவிளக்கு இல்லை, கூட ஒரு தோழி. ஹசார்ட் விளக்குகூட எரியவில்லை. நான் போய்ச் சேர ஐம்பது நிமிடம் ஆனது. இருவரும் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் புல்லில் நின்றுகொண்டிருந்தார்கள். வண்டிக்குள் உட்காராதே என்று எப்போதோ சொன்னதை ஞாபகம் வைத்திருந்தாள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு நிம்மதி.

போனது ஆல்டர்னேட்டர், வண்டி ஓடும்போது மின்சாரம் செய்து பேட்டரிக்கு ஏற்றுகிற கருவி. இன்ஜின் கல் மாதிரி இருந்தது, இன்றும் இருக்கிறது.

இரண்டு லட்சம் ஓடிய வண்டியில் எல்லோரும் இன்ஜினுக்குப் பயப்படுகிறோம். நடுரோட்டில் நிறுத்துவது இன்ஜினைச் சுற்றியிருக்கிற சில்லறை: ஆல்டர்னேட்டர், தண்ணீர் பம்பு, ரேடியேட்டர் ஹோஸ், வீல் பேரிங், பெல்ட், பெட்ரோல் பம்பு. ஒவ்வொன்றும் பெரிய செலவு இல்லை. ஆனால் எல்லாம் ஒரே காலத்தில் பிறந்தவை, ஏறக்குறைய ஒரே காலத்தில் போகும். எனக்கு நின்றால் அது எரிச்சல். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு ராத்திரி பதினொன்றரைக்கு நின்றால் அதன் பெயர் வேறு.

ஆகவே விலை மலிவு என்று கணக்குப் போடும்போது இதைப் போடுங்கள். வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைக்க முடிந்தால்தான் வாங்குங்கள். அதையும் ரிப்பேர் வரட்டும் என்று காத்திருக்காமல் முதல் மாதமே செலவழியுங்கள்: பெல்ட், ஹோஸ், கூலன்ட், பேட்டரி, டயர், பிரேக் ஆயில். கடைசியது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், யாரும் மாற்றுவதில்லை. கையில் இருப்பதெல்லாம் விலைக்கே போய்விடும் என்றால், அந்த வண்டி உங்களுக்கு மலிவு இல்லை. கொஞ்ச நாள் உங்கள் வண்டியையே பங்கு போட்டு ஓட்டட்டும்.

இதற்கு என் மனைவியின் பதில்: “நின்ன வண்டியால அவ செத்துடலை. வேகமாப் போற புது வண்டி வாங்கிக் குடுத்திருந்தா?” அதற்கு என்னிடம் பதில் இல்லை. பிக்கப் இல்லாத இன்ஜின் ஒரு வரம்தான்.

மார்ச் 23

பேட்டரி விளக்கு எரியவில்லையா என்று கேட்டவருக்கு: எரிந்ததாம், அரை மணி நேரம். “சிவப்பா ஒரு டப்பா படம் வந்துச்சு, வண்டி ஓடிச்சு, அதான் விட்டுட்டேன்” என்றாள். அவளைத் திட்ட வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அந்தப் படம் என்ன என்று நான் ஒரு நாளும் சொல்லித் தரவில்லை. பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுப்பதை மட்டும் ஐம்பது தடவை சொல்லியிருப்பேன், இருந்தும் தூணில் இடித்தாள்.

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தோம். சிவப்பு விளக்கு என்றால் ஓரம் கட்டு, மஞ்சள் என்றால் வீட்டுக்கு வந்து சொல். ஆயில் குச்சியைத் துடைத்து அளவு பார்க்க, சூடான ரேடியேட்டர் மூடியைத் தொடாமல் இருக்க, ஸ்டெப்னி மாற்ற. நட்டு இளகவில்லை, ஸ்பேனர் மேல் ஏறி நின்று குதித்தாள். முதல் ஆறு மாதம் தோழிகள் யாரையும் ஏற்றாதே என்ற விதியையும் அன்றே போட்டிருக்க வேண்டும். வண்டிக்குள் சக வயதுப் பிள்ளைகள் ஏற ஏற விபத்து கூடுகிறது என்று பின்னால்தான் படித்தேன்.

ஏப்ரல் 2

நீங்கள் அந்த வண்டியை விட்டுவிட்டது நல்லது என்றே நினைக்கிறேன். டயர் பதினொரு வருடம், பெல்ட்டுக்கு ரசீது இல்லை, இஎஸ்சி இல்லை. தனித்தனியாக எதுவும் பெரிசில்லை, சேர்த்தால் நீங்கள் ஒதுக்கிய பணம் போதாது. விற்றவர் நல்ல மனிதராகத்தான் இருக்கிறார், அது வேறு.

இப்போது பார்த்திருக்கும் ஒன்பது வருட வண்டி 1,61,000, இஎஸ்சி, ஆறு ஏர்பேக். விலை கூடத்தான். மச்சான் இதற்கும் தலையை ஆட்டுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், அது ஒரு லட்சத்தைத் தாண்டியதால் ஆடுகிற தலை. வண்டியை லிஃப்டில் ஏற்றி அடியில் பார்க்க உங்கள் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். விற்பவர் லிஃப்டுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள், பேரமே வேண்டாம்.

இன்சூரன்ஸை வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள். பல இடங்களில் ஓட்டுகிறவர் சின்ன வயது என்றால் தொகை ஏறும். மகன் ஓட்டுவதை மறைத்து மிச்சம் பிடிக்காதீர்கள். பணம் தேவைப்படும் நாளில்தான் அது வெளியே வரும்.

ஏப்ரல் 19

வாங்கியாயிற்று என்று படித்தேன், சந்தோஷம். மகனே ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்த்தான் என்பது அதைவிடச் சந்தோஷம்.

நேற்று டயர் இலக்கம் பற்றி நான் எழுதியதை மகள் படித்திருக்கிறாள். கையில் டார்ச்சோடு கீழே போனாள். அவள் வண்டியைச் சுற்றி வந்து, அப்படியே என் வண்டிக்குப் போய்க் குனிந்தாள். மேலே வந்து, “என் டயருக்கு ரெண்டு வயசு. உங்களோடதுக்கு என் வயசுல பாதி” என்றாள். அவளுக்கு இருபது நடக்கிறது. நாளைக்கு நான்கையும் மாற்றப் போகிறேன், அவளும் கூட வருகிறாளாம், கடைக்காரர் என்னை ஏமாற்றாமல் பார்த்துக்கொள்ள.